கடைசி இரண்டு வரிக்கு முதலில் பதில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. ஊரும் பெயரும் வேண்டாம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு இப்போது 5 வயது. பிறவியிலேயே காது கேட்பதில்லை. ஒன்றரை வயதில் முதுகுப் பக்கம் நின்று பால்மா டின்னைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், பிள்ளை திரும்பவில்லை. டவுனுக்குக் கொண்டுவந்து சோதித்ததில் இரண்டு காதும் முற்றாகக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். கேட்கும் கருவி போட்டும் பலனில்லை. நடக்கத் தொடங்கியதும் சுணங்கித்தான், இரண்டு வயதுக்குக் கிட்ட. கணவர் தாய்மாமன் மகன், சொந்த மச்சான். இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கு நன்றாகக் கேட்கும். மாமியார், "உன்ட குடிச் சாபம்தான் பிள்ளையில விழுந்திருக்கு" என்று குத்திக் குத்திச் சொல்கிறார். (குடி என்பது எங்கள் பக்கத்தில் தாய்வழிக் குலம்.) இந்தத் தாயின் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், அவரும் பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாதவர். 12 வயதில் ஆற்றில் குளிக்க இறங்கியவர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார். நீந்தத் தெரிந்த பிள்ளை. "ஆறு கொண்டு போச்சு" என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

கனடாவிலிருக்கும் அண்ணன் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: ஒரே ஊசியில் காது கேளாத பிள்ளைக்குக் கேட்க வைத்தார்களாம். அந்த ஊசி கொழும்பில் கிடைக்குமா? இல்லாவிட்டால் சீதனமாகக் கிடைத்த வயலை விற்று, காதுக்குள் கருவி பொருத்தும் ஒப்பரேஷனைச் செய்வோமா? இன்னொரு பிள்ளை பெறலாமா? இப்படி நாலு பக்கம். கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே இரண்டு வரி: "ஒண்டை மறந்துட்டன் டொக்டர். பிள்ளை மூண்டு தரம் மயங்கி விழுந்தவள். வலிப்பு எண்டு மருந்து தந்திருக்காங்க, நூலும் கட்டியிருக்கம்."

தங்கச்சி, அந்த இரண்டு வரிக்குத்தான் நான் முதலில் பதில் எழுதுகிறேன். மற்ற நாலு பக்கமும் ஒரு கிழமை காத்திருக்கலாம். இது காத்திருக்காது.

அனுப்பிய இலக்கத்துக்கு அழைத்து அந்த மூன்று தரத்தையும் விவரமாகக் கேட்டேன். முதல் தரம் பட்டியிலிருந்து ஒரு மாடு அவளை நோக்கிப் பாய்ந்தபோது. இரண்டாம் தரம் வாய்க்காலில் குளிக்கையில், குளிர்ந்த தண்ணீருக்குள் குதித்தவுடன். மூன்றாவது, பாலர் பாடசாலை விளையாட்டு விழாவில் பலூன் உடைக்க ஓடும்போது. மூன்று தரமும் ஒரே மாதிரி: முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்து, துணி மாதிரிச் சரிந்திருக்கிறாள். பிறகுதான் கையும் காலும் ஓரிரு தரம் வெட்டியிழுத்தது. ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து உங்களைத் தேடி அழுதாள். தூங்கும்போதோ சும்மா இருக்கும்போதோ ஒரு தரமும் வரவில்லை.

வலிப்பு வந்த பிள்ளை பெரும்பாலும் எழுந்ததும் தெளிவில்லாமல் இருக்கும், அசந்து தூங்கும். இவள் உடனே தெளிந்துவிட்டாள். அத்துடன் ஓட்டம், பயம், தண்ணீர் என்று குறிப்பாக மூன்று நேரங்களில் மட்டும் விழுந்திருக்கிறாள். இது மூளையைவிட இதயத்தின் பக்கமே கையைக் காட்டுகிறது. இதயம் சில வினாடி ஒழுங்காக இரத்தத்தை இறைக்காவிட்டால் மூளைக்கு இரத்தம் போகாது. அப்போதும் கை கால் இழுக்கும். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு மாதிரியே தெரியும். ஆகவே உங்களுக்கு மருந்து தந்த டொக்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவரிடம் நீங்கள் சொன்னது "இழுத்தது" என்பது மட்டும். எப்போது இழுத்தது என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இந்த மயக்கத்தை வலிப்பென்று பிழையாக எண்ணுவது உலகமெங்கும் நடக்கிற ஒன்று.

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. காது கேளாத பிள்ளைக்கு உண்மையான வலிப்பும் வரலாம். ஆனால் பிறவியில் காது கேளாமையும், ஓடும்போது மயக்கமும், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணமும், தண்ணீரில் போன ஒரு மாமாவும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்தால், நான் சந்தேகிக்கும் முதல் நோய் ஒன்றுதான். 1957 இல் நோர்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குக் காது கேட்காது. நால்வரும் மயங்கி விழுவார்கள். அதில் மூவர் திடீரென்று இறந்துபோனார்கள். அவர்கள் பெயரில்தான் இந்த நோயை இன்றும் அழைக்கிறோம். அதற்கு நூறு வருடம் முன்பே, 1856 இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மெய்ஸ்னர் என்பவர் ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஏதோ சின்னக் களவுக்காக அதிபர் முன் நிறுத்தப்பட்ட சிறுமி, நின்ற இடத்திலேயே விழுந்து இறந்தாள். செய்தி கேட்ட பெற்றோர் ஆச்சரியப்படவில்லையாம். அவர்கள் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள், ஒன்று பயந்து, மற்றது கோபத்தில்.

இந்த நோய் மிக அரிது. காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவானவர்களுக்கே உண்டு. ஆனாலும் கவனியாமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 15 வயதைக் காண்பதில்லை. கண்டுபிடிக்கத் தேவையானது ஐந்து நிமிடச் சோதனை. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

காதிலும் இதயத்திலும் ஒரே கதவு

"காது கேட்காததுக்கும் நெஞ்சுக்கும் என்ன டொக்டர் சம்பந்தம்?" என்று போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இது விளங்கினால் மற்றவை தானாக விளங்கும்.

உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. விரித்தால் மூன்றரை சென்ரிமீற்றர்தான். அதற்குள் சுமார் 15,000 மயிர்க் கலங்கள். ஒவ்வொரு கலத்தின் தலையிலும் படிக்கட்டு மாதிரி உயர்ந்து போகும் நுண்மயிர்கள். ஒரு மயிரின் நுனியையும் பக்கத்து மயிரையும் ஒரு மெல்லிய இழை கட்டி வைத்திருக்கிறது. சத்தம் வந்து மயிர்கள் சாய்ந்தால் இழை இழுபடும், கதவு திறக்கும். அயன் கால்வாய் என்று புத்தகத்தில் சொல்வது இந்தக் கதவைத்தான். திறந்தவுடன் பொட்டாசியம் கலத்துக்குள் பாயும், கலம் நரம்புக்குச் செய்தி அனுப்பும். கதவு திறக்கக் கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் எடுக்காது.

பொட்டாசியம் உள்ளே பாய வேண்டுமென்றால் வெளியே அது நிறைந்திருக்க வேண்டும். உடம்பில் மற்ற இடங்களில் கலத்துக்கு வெளியே இருப்பது பெரும்பாலும் சோடியம்தான், பொட்டாசியம் கொஞ்சம். அந்தச் சுருளுக்குள் இருக்கும் திரவத்தில் மட்டும் எல்லாம் தலைகீழ்: பொட்டாசியம் நிரம்பி, அதோடு 80 மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தமும் ஏறி நிற்கிறது. இதை நிரப்புவது சுருளின் பக்கச் சுவரிலுள்ள ஒரு பட்டி. அந்தப் பட்டியின் கலங்களிலிருந்து பொட்டாசியம் திரவத்துக்குள் இறங்குவது வேறொரு கதவு வழியாக. அதன் பெயர் கே.சி.என்.கியூ.1, அதற்கு கே.சி.என்.ஈ.1 என்று ஒரு கூட்டாளி. இரண்டில் ஒன்று முற்றாகப் பழுதானாலும் அந்தத் திரவம் வற்றிப் போகும். குளத்துக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டால், வயலில் எத்தனை நல்ல மதகு இருந்து என்ன செய்ய? பிள்ளையின் மயிர்க் கலங்கள் முதலில் நல்லவையாகவே இருந்திருக்கும்; பொட்டாசியம் இல்லாமல் வேலையற்று, பிறகு அழிந்திருக்கும். சமநிலையைப் பார்க்கும் உறுப்பும் பக்கத்தில்தான், அதுவும் இதே கதவையே நம்பியிருக்கிறது. அவள் சுணங்கி நடந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இனி இதயம். ஒரு துடிப்பு முடிந்ததும் இதயக் கலம் பொட்டாசியத்தை வெளியே விட்டு, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்டி விடுகிறார்கள் அல்லவா? வெட்டச் சுணங்கினால் படுவான்கரை வயல்களில் வெள்ளம் நிற்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதயத்தில் அப்படிப் பொட்டாசியம் வெளியேறும் வாய்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆறுதலாக இருக்கும்போது மற்றவை சமாளித்துவிடும். ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் இதயத்தை விரட்டும். அந்த நேரத்தில் அகலத் திறக்க வேண்டிய வாய் இதே கே.சி.என்.கியூ.1. அது திறக்காவிட்டால் முந்தின துடிப்பின் மின்சாரம் அடங்கும் முன்னே அடுத்தது ஏறி விழும், இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். பிள்ளை சரிவது அப்போது. பெரும்பாலும் நடுக்கம் தானாக நின்றுவிடும். நிற்காத நாளும் வரலாம்.

தண்ணீர் ஏன் ஆபத்து என்றும் இப்போது விளங்கியிருக்கும். உங்கள் அம்மாவின் தம்பியை நான் பார்த்ததில்லை; என்றாலும் அவரை ஆறு கொண்டு போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

ஈசிஜி, அதாவது இதயத்தின் மின்சாரத்தைத் தாள் துண்டில் வரைந்து காட்டும் சோதனை. எந்த ஆதார வைத்தியசாலையிலும் எடுக்கலாம், காசும் இல்லை. மண்முனைப் பாலத்தால் வந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உங்களுக்குத் தூரமில்லை. அங்கே பிள்ளைகளின் கிளினிக்கில் காட்டுவது இன்னும் நல்லது. துண்டில் அவர்கள் பார்க்க வேண்டியது "கியூடி" என்ற இடைவெளி. இதயத் துடிப்பின் வேகத்துக்கேற்ப அதைத் திருத்திக் கணித்தால் 460 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். இந்த நோயில் பெரும்பாலும் 500 ஐத் தாண்டும். மெஷின் அச்சடிக்கும் கணக்கு சில நேரம் பிழைக்கும், டொக்டர் கையால் அளந்து பார்க்கட்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பழைய மருந்துக் கொப்பியையும் மூளை மின்சோதனை ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள்.

கணவர், மகன், நீங்கள் என மூன்று பேரும் ஈசிஜி எடுக்க வேண்டும். அதை மறக்க வேண்டாம்.

அதுவரை அவளை ஓடவிட வேண்டாம். வாய்க்காலும் ஆறும் குளமும் கண்டிப்பாக வேண்டாம். வீட்டில் வாளித் தண்ணீரில் குளிக்கட்டும், யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். தூங்கும் பிள்ளையைத் திடுக்கிட வைத்து எழுப்ப வேண்டாம். வலிப்பு மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அது வேறு ஆபத்து. விழுந்தால் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாய்க்குள் கரண்டி வைப்பது, முகத்தில் தண்ணீர் ஊற்றுவது ஒன்றும் உதவாது. கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990 க்கு அடிக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நெஞ்சை அழுத்தும் முறையை ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டு நீங்களும் கணவரும் பழகிக்கொள்ளுங்கள்.

நூலை அறுக்கச் சொல்லவில்லை. நூல் கட்டும் கட்டாடியாரிடம் போனது உங்கள் மனத்துக்கு ஆறுதல் தந்திருந்தால் இருக்கட்டும். ஒன்றே ஒன்று: சடங்கு நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்தும் எதையும் செய்யவிடாதீர்கள்.

நோய் உறுதியானால்

இதயத்தை அட்ரினலின் விரட்டாமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள், ப்ரொப்ரனலோல் போன்றது. ஒரு நாளும் தவறக்கூடாது. கோயில் விரதம், கல்யாண வீட்டுப் பயணம் என்று எந்தச் சாட்டும் இல்லை. பிள்ளைக்கு ஆஸ்துமா (மூச்சிழுப்பு) இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். மயக்கமே ஒரு தரமும் வராத பிள்ளைக்கு மாத்திரை மட்டும் போதலாம். இவள் மூன்று தரம் விழுந்தவள். அதுவும் இந்த நோயில் மாத்திரையின் காவல், கியூடி நீளும் மற்ற நோய்களைவிடக் கொஞ்சம் பலவீனம். ஆகவே நெஞ்சுக்குள் வைக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றி இதய நிபுணர் பேசக்கூடும். இதயம் நடுங்கினால் அது தானே அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அதற்காக உடனே தலையாட்டவும் வேண்டாம். 5 வயது உடம்பில் அதை வைப்பதில் சிக்கல்கள் உண்டு, கேள்வி கேட்டுத் தெளிந்து முடிவெடுங்கள்.

சாதாரண காய்ச்சலுக்கும் வாந்திக்கும் தரும் சில மருந்துகள் இவளுக்கு ஆகாது: எரித்ரோமைசின், கிளறித்ரோமைசின், அசித்ரோமைசின், டொம்பெரிடோன், ஒன்டன்செட்ரோன். கடைசி இரண்டும் வாந்தி நிறுத்தத் தருபவை. பாமசியில் நேராக மருந்து வாங்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. இவள் விஷயத்தில் அது வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் உடம்பிலிருந்து பொட்டாசியம் கழியும், அது இதயத்துக்குக் கூடாது. ஜீவனி கரைத்துக் கொடுத்து, சுணங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கனடா அண்ணனின் செய்தியும் உங்கள் வயலும்

அண்ணன் அனுப்பியது பொய்ச் செய்தி இல்லை. 2023, 2024 காலத்தில் சீனாவிலும் அமெரிக்காவிலும் சில பிள்ளைகளுக்கு உட்காதுக்குள் பரம்பரையலகைச் செலுத்தி, அவர்களுக்குக் கேட்கவும் தொடங்கியது. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் பழுதானது ஓட்டோஃபெர்லின் என்ற வேறொரு புரதம். அவர்களுடைய மயிர்க் கலங்களில் கதவு திறக்கிறது, பொட்டாசியமும் பாய்கிறது. நரம்புக்குச் செய்தி கடத்தும் கடைசி இடத்தில் மட்டும்தான் தடை. உங்கள் மகளுக்கு நான் சந்தேகிக்கும் பழுது அதுவல்ல. அதற்கு அந்த ஊசி கொழும்பிலும் இல்லை, கனடாவிலும் இல்லை. யாராவது இருக்கிறது என்று பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

காதுக்குள் பொருத்தும் கருவி வேறு விஷயம். அது மயிர்க் கலங்களைத் தாண்டி நேராக நரம்பைத் தூண்டும். இந்த நோயில் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் கருவி நல்ல பலன் தரக்கூடியது. ஆனால் மூன்று வயதுக்கு முன் வைத்திருந்தால் பேச்சு வருவது எளிது. 5 வயதில் வைத்தால் வராது என்றில்லை, பாடு அதிகம். ஒப்பரேஷன் முடிந்த பிறகும் வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி, பற்றரி, உதிரிப்பாகம் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். வயலை விற்றால் அந்த வருடங்களில் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள் என்றும் யோசியுங்கள். விற்பதற்கு முன் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் மதிப்பீடு செய்து, அரச உதவி, ஜனாதிபதி நிதியம் என்று என்ன வழி இருக்கிறது எனப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இன்னொன்று: ஈசிஜி பார்க்காமல் இந்தப் பிள்ளையை மயக்க மருந்து கொடுக்கும் மேசையில் படுக்க வைக்கவே கூடாது. ஒப்பரேஷனைப் பற்றிக் கேட்க வந்த உங்களை நான் நெஞ்சுப் பக்கம் திருப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி வந்தாலும் வராவிட்டாலும் சைகை மொழியை இன்றே தொடங்குங்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது பிழை. 5 வயதுப் பிள்ளைக்கு "நெஞ்சு படபடக்குது" என்று சொல்ல ஒரு மொழி வேண்டும், தங்கச்சி.

குடியில் வராதது

குடி தாய்வழியில் வரும். உங்களுக்கு உங்கள் அம்மாவின் குடி, கணவருக்கு மாமியின் குடி, இரண்டும் வேறு வேறு. இந்தப் பழுது குடி பார்த்து வருவதில்லை. அந்தக் கதவைச் செய்யும் பரம்பரையலகில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, இரண்டும் பழுதானால்தான் காது போகும். உங்கள் அம்மாவும் கணவரின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். தண்ணீரில் போனவரும் அவர்களுடைய தம்பி. என் சந்தேகம் சரியென்றால் அந்தத் தாத்தா, பாட்டி இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்திருக்கிறது. அதில் ஒன்று உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும், ஒன்று மாமா வழியாக உங்கள் கணவருக்கும் வந்து, மகளில் சேர்ந்திருக்கிறது. பாதி உங்களிடமிருந்து, பாதி அவரிடமிருந்து. குற்றவாளி என்று யாரும் இல்லை. (கணக்குப் பார்த்தால் இதில் சம்பந்தமே இல்லாத ஒருவர் மாமியார்தான். அதை அவரிடம் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். ஈசிஜிக்குக் கூட வருமாறு அழையுங்கள், டொக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.)

மச்சானைக் கட்டியதே பிழையா? நம் ஊரில் எத்தனையோ பேர் மச்சானைக் கட்டி, சுகமான பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு எல்லாத் தம்பதிகளுக்கும் நூற்றுக்கு இரண்டு, மூன்று. நெருங்கிய மச்சான் மச்சாளுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. நடந்த கல்யாணத்தை இனி எடைபோட்டு என்ன? அடுத்த பிள்ளையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். இந்த நோய்தான் என்றால், ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று புதிதாகத் தொடங்கும். பெற வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெற்றால், பிறந்தவுடனேயே ஈசிஜி எடுக்கும்படி மிட்வைஃபிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மகனுக்குக் கேட்கிறது, ஆகவே இந்த நோய் அவனுக்கு இல்லை. ஆனால் ஒரு பழுதான பிரதி இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்களில் சிலருக்கும் அந்தக் கியூடி இடைவெளி நீண்டிருக்கும். குடும்பத்தோடு ஈசிஜி எடுங்கள் என்றது அதற்காக.

ஈசிஜி சரியாக இருந்தால்? ஒரு தரம் சரியாக வந்தாலும் மயக்கத்தின் கதையைச் சொல்லி இதய நிபுணரிடம் ஒரு முறை காட்டுங்கள். அவரும் பயமில்லை என்றால், ஆறுதலாக உங்கள் நாலு பக்கத்துக்கும் மறுபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சனம் நிறைய, டொக்டருக்கு நேரம் இருக்காது. உங்களுக்கும் பதற்றத்தில் வார்த்தை வராது. கீழே உள்ளதைத் துண்டில் எழுதி, நம்பர் வந்ததும் வாய் திறக்கும் முன் அதை நீட்டுங்கள்:

"வயது 5. பிறவியிலேயே இரு காதும் கேட்காது. ஓடும்போதும் பயந்தபோதும் குளிக்கும்போதும் மூன்று தரம் மயக்கம், ஒரு நிமிடத்துக்குள் தெளிவு. தாய் தகப்பன் சொந்த மச்சான் மச்சாள். தாயின் மாமன் ஒருவர் காது கேளாதவர், 12 வயதில் தண்ணீரில் இறந்தவர். ஈசிஜி எடுத்து கியூடி பார்க்கவும்."